மதுரை வெயிலில் மேய்ப்பு நாய்: வீட்டோடு வளர்க்க முழுமையான வழிகாட்டி

பார்டர் காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய் என்று மேய்ப்பு இன நாய்களை இப்போது மதுரையில் அண்ணா நகர் முதல் நாகமலை புதுக்கோட்டை வரை பார்க்க முடிகிறது. குட்டியாக வரும்போது வீடே கொண்டாடும். ஏழெட்டு மாதத்தில் அதே நாய் சோபாவைக் கிழித்து, பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வி, வாசலில் போகிற ஒவ்வொரு ஆட்டோவையும் விரட்டும்போது, "நல்லா ஓட விடுங்க, சரியாப் போயிரும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

ஓட்டம் வேண்டும்தான். ஆனால் ஓட ஓட நாய்க்கு மூச்சும் காலும் பலப்படுமே தவிர ஆட்டம் அடங்காது. இன்றைக்கு அரை மணி நேரம் போதும் என்றிருந்தது, அடுத்த மாதம் ஒரு மணி நேரம் கேட்கும். அதோடு மார்ச் முதல் ஜூன் வரை இந்த ஊரில் ஓட்டத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது? இந்த நாய்களை அடக்குவது இரண்டு விஷயங்கள்: மூளைக்கு வேலை, சும்மா இருக்கப் பழக்குவது. இரண்டையும் ஃபேனுக்கு அடியில், நடு ஹாலில் வைத்தே செய்யலாம்.

முதலில், இது என்ன மாதிரி நாய்

நம் பக்கத்து நாய்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் கூடவே கூட்டிப்போகும் நாய்க்கும் காவல்தான் வேலை. இரவில் நரி வந்தால், ஆள் நடமாட்டம் தெரிந்தால் குரைக்கும். ஆட்டை ஓட்டுவது, திருப்புவது எல்லாம் மந்தை மேய்க்கும் கீதாரியின் கம்பும் குரலும்தான்.

பார்டர் காலி வேறு வழியில் வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புற மலைகளில், மேய்ப்பரின் சீழ்க்கைக்குக் கட்டுப்பட்டு, தூரத்தில் சிதறிக் கிடக்கும் ஆடுகளை வளைத்துக் கொண்டுவர உருவான இனம். 1893ல் நார்தம்பர்லாந்தில் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதையாகச் சொல்கிறார்கள். இந்த இனம் மேய்க்கும்போது பெரும்பாலும் குரைக்காது, கடிக்காது. பதுங்கி நின்று முறைத்தே ஆட்டை நகர்த்தும். ஜெர்மன் ஷெப்பர்டை 1899ல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி தனி இனமாகப் பதிவு செய்தார். அதன் வேலை, மந்தை பக்கத்து வெள்ளாமைக்குள் இறங்காதபடி வரப்போரமாக நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பது.

இந்தப் பழைய வேலை இன்றைக்கும் உங்கள் வீட்டில் தெரியும். ஜெர்மன் ஷெப்பர்ட் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரே தடத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து புல்லைத் தேய்த்துவிடும். பார்டர் காலி, பிள்ளைகள் ஓடினால் வளைத்து முன்னால் போய்ப் படுக்கும். மேலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்த செம்மறிகளை எங்கள் நாய் முதன்முதலில் பார்த்தபோது குரைக்கவே இல்லை. தலை முதுகுக்குக் கீழே இறங்கியது, வால் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டது, ஒரு முன்னங்கால் தரைக்கு மேலே அப்படியே நின்றது. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. இதைத் திட்டியோ அடித்தோ போக்க முடியாது. திசை திருப்பத்தான் முடியும்.

வாங்கும் முன்

பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. வீட்டில் பெரியவர்களாவது இருக்கிறார்கள், காலையும் மாலையும் ஒருவர் தலா ஒரு மணி நேரம் நாயோடு இருக்க முடியும் என்றால் மேலே போகலாம். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். "பையன் பார்த்துப்பான்" என்பது பத்தாம் வகுப்பு வரைதான் ஓடும்.

இனத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது. முதல் முறை நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு மாலினாய் வேண்டவே வேண்டாம். காவல்துறையும் ராணுவமும் அதைத் தேடிப்போவதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் அது குடும்பத்துக்குக் கஷ்டம். நிதானமான பெற்றோருக்குப் பிறந்த ஜெர்மன் ஷெப்பர்ட் சமாளிக்கக்கூடியது. பார்டர் காலி 14 முதல் 20 கிலோதான், உருவத்தில் வீட்டுக்கு ஏற்றது. ஆனால் கூடவே உட்கார்ந்து வேலை கொடுக்க ஆள் வேண்டும்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தாய் நாயை நேரில் பாருங்கள். தாயே ஆளைக் கண்டு பம்மினாலோ பாய்ந்தாலோ குட்டியின் நிறத்தில் மயங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் சாம்பல் திட்டு போட்ட 'மெர்ல்' நிறம் பிரபலம். இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் காது கேட்காத, பார்வை இல்லாத குட்டிகள் பிறக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அப்பா, அம்மா இரண்டின் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் உரிமம் எடுக்கும் வேலையையும் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

முதல் இரண்டு மாதம்

மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதற்கு வாழ்நாள் முழுக்க 'சாதாரணம்' என்று பதியும். அந்தச் சமயத்தில்தான் தடுப்பூசிகள் முடியாமல், பார்வோ என்ற வைரஸ் நோய்ப் பயத்தில் தரையில் விட முடியாமல் இருப்போம். வழி சுலபம்: தூக்கிக்கொண்டு போங்கள். சாயங்காலம் ஒரு டீக்கடை ஓரமாக மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். டவுன்பஸ், ஷேர் ஆட்டோ, தலையில் கூடை வைத்த அம்மா, ஹெல்மெட் போட்டவர், கோயில் மைக்செட். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் ஒரு துணுக்குத் தீனி. குட்டி தீனியை வாங்க மறுத்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருங்கள்.

குட்டிக்கு ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். சாயங்காலம் வெறி பிடித்தது போல ஓடி எல்லாரையும் கவ்வுகிற குட்டிக்கு பெரும்பாலும் விளையாட்டு போதாமல் இல்லை, தூக்கம்தான் போதவில்லை. கூண்டிலோ ஆள் நடமாட்டமில்லாத அறையிலோ படுக்க வையுங்கள்.

அப்புறம், கட்டளைச் சொற்கள். தாத்தா 'உக்காரு', பேத்தி 'சிட்', அம்மா 'ஏய், படுடா' என்றால் நாய் யாருக்கும் கட்டுப்படாது. ஐந்தாறு சொல்லை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பாய்ப் பயிற்சி: எல்லாவற்றுக்கும் அடிப்படை

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சின்னக் கோரைப்பாயோ, மடித்த பழைய போர்வையோ போதும். நாயின் அன்றாடத் தீனியிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பாயை விரியுங்கள். நாய் முகர்ந்து பார்த்தாலோ கால் வைத்தாலோ பாயின் மேலேயே ஒரு துணுக்கு வையுங்கள். கையில் ஊட்டாதீர்கள், ஊட்டினால் கையையே பார்க்கும். நாலைந்து முறையில் தானாகவே பாய்க்கு வரும். படுத்ததும் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் தீனியை மெதுவாக வையுங்கள். உற்சாகக் குரலில் பாராட்ட வேண்டாம், துள்ளி எழுந்துவிடும்.

இனி கவனிக்க வேண்டியது இடுப்பு. முன்னங்கை இரண்டும் நீட்டி, பின்னங்கால்கள் இரண்டும் சமமாக மடங்கியிருந்தால் நாய் படுக்கவில்லை, பாயத் தயாராக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் சாயும். முகவாய் தரையைத் தொடும். மூச்சு ஒன்று நீளமாக வரும். அந்த நொடிதான் தீனிக்கு உரிய நொடி. வெறும் படுக்கைக்கு ஒரு துணுக்கு, இடுப்பு சாய்ந்தால் மூன்று துணுக்கு என்று நீங்கள் பிரித்துக் கொடுத்தால், தளர்ந்து கிடப்பதும் ஒரு வேலை என்று நாய் புரிந்துகொள்ளும். முடிந்ததும் 'போ' என்று சொல்லிப் பாயைச் சுருட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் கடினத்தைக் கூட்டுங்கள். நீங்கள் எழுந்து நிற்பது, கதவு வரை போவது, காலிங்பெல், குக்கர் விசில், கீரைக்காரம்மா குரல், கடைசியாகப் பிள்ளைகள் ஓடுவது. நாய் எழுந்துவிட்டால் திட்ட வேண்டாம். ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஆரம்பியுங்கள்.

மூளைக்கு வேலை

உணவைத் தட்டில் வைப்பதை நிறுத்துங்கள். உலர்தீனி கொடுப்பவர்கள் அதைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம், முறத்தில் சாக்குத் துணிக்கு அடியில் ஒளிக்கலாம், வீடு முழுக்க இருபது இடத்தில் ஒளித்து 'தேடு' என்று விடலாம். கால் மணி நேரம் மூக்கால் தேடிய நாய் நன்றாகக் களைத்துத் தூங்கும்.

அடுத்தது பொருள்களின் பெயர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியரிடம் இருந்த 'சேசர்' என்ற பார்டர் காலி 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. நமக்கு ஒரு பத்து போதும். ஒரே ஒரு பொருளை வைத்து, 'பந்து' என்று சொல்லி எடுக்க வைத்துப் பரிசு கொடுங்கள். அது உறுதியானதும் பக்கத்தில் பெயரில்லாத ஒரு பொருளை வைத்து, 'பந்து' கேளுங்கள். அப்புறம் 'செருப்பு'. (தாத்தாவின் செருப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் நாயை அதன் பிறகு வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை.)

பந்து எறியும் விளையாட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முப்பது தடவை எறிந்தால் நாய் களைக்கும் முன் கிறுக்குப் பிடிக்கும். ஐந்தாறு தடவை எறியுங்கள். ஒவ்வொரு எறிதலுக்கு முன்னும் 'படு', 'இரு' சொல்லிக் காக்க வையுங்கள். அந்தக் காத்திருப்புதான் பயிற்சி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். லேசர் விளக்கு காட்டி விளையாடாதீர்கள். எவர்சில்வர் தட்டில் வெயிலை வாங்கிச் சுவரில் அடிக்கிற பிள்ளைகள் விளையாட்டும் அதே வகைதான். மேய்ப்பு நாய்களுக்கு அசைவின் மேல் பித்து. பிடிக்க முடியாத வெளிச்சத்தைத் துரத்திப் பழகினால், ஃபேன் நிழல், சுவரில் தெரியும் வண்டி வெளிச்சம் என்று நாள் முழுக்க வெறித்து நிற்கும் நோயாகவே மாறிவிடும். ஆரம்ப அறிகுறி தெரிந்தால் திரைச்சீலை போட்டு, வேறு வேலை கொடுத்து, மருத்துவரிடமும் பேசுங்கள்.

பிள்ளைகளை மேய்க்கும்போது

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் வளைப்பதும் குதிகாலைக் கவ்வுவதும் இந்த இனங்களின் கைவரிசை. கோபத்தில் கடிப்பதில்லை என்றாலும் பல் பட்டால் பல் பட்டதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரே விதி: நாய் துரத்தினால் மரம் போல நின்றுவிட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, சத்தமில்லாமல். அசைவு நின்றால் ஆட்டம் முடிந்தது. நாய்க்கு, பிள்ளைகள் விளையாடும் நேரமெல்லாம் லேசான கயிறு கழுத்துப்பட்டையில் இருக்கட்டும். தலை தாழ்ந்து கண் ஒரே இடத்தில் நிலைக்கும்போதே, பாயும் முன், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாய்க்கு அனுப்புங்கள். பாய்ந்த பிறகு கூப்பிட்டால் காதில் விழாது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையையும் இந்த நாயையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள். தோல் கிழிந்தால், சொந்த நாயாக இருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வெளியே போகும்போது

வெயில் காலத்தில் வெள்ளன ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறரைக்குள் திரும்புங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் காற்று ஆறியிருக்கும், தார் ஆறியிருக்காது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதாலும் முடியாது. மொட்டை மாடித் தரைக்கும் இதே சோதனை. மாடியில் விளையாட விடுபவர்கள் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் பாருங்கள். காக்கையைத் துரத்தும் நாய் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிக்காது.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது பழகிய நாய்க்குச் சரி. குட்டிக்கு அங்கே கூட்டமும் தெருநாயும் அதிகம். கீழக்குயில்குடி, நாகமலை அடிவாரப் பக்கம் இடம் தாராளம். ஆனால் மயில்கள் உண்டு. மயிலைத் துரத்திப் பிடித்தால் 1972 வனவுயிர்ச் சட்டத்தின்படி அது குற்றம். ஆடு மேய்ப்பவர்களும் வருவார்கள். உங்கள் நாய்க்கு விளையாட்டாக இருப்பது சினை ஆட்டுக்கு உயிர்ப் பிரச்சினை. பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டிவிடுங்கள், கழற்ற வேண்டாம். காய்ந்த வைகை மணலிலும் கம்மாய்க் கரையிலும் கண்ணாடிச் சில்லும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். வீடு திரும்பியதும் நாலு பாதத்தையும் விரல் இடுக்கு விரித்துப் பாருங்கள்.

வண்டி துரத்தும் பழக்கத்துக்கும் பாய்ப் பயிற்சியின் வழிதான். சாலையிலிருந்து ஐம்பது அடி தள்ளி, வண்டியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் தீனி. தூரத்தை வாரக்கணக்கில் குறையுங்கள். பைக்கில் கட்டி ஓட்டிப் பழக்குவது பல இடங்களில் நடக்கிறது. ஒன்றரை வயது வரை எலும்பு முழுசாக முற்றியிருக்காது. தார் ரோட்டில் ஓட வைத்தால் மூட்டு போகும்.

வெயில், உண்ணி, முடி

இரட்டை அடுக்கு முடியை மொட்டையடிக்கக் கூடாது. மேல்முடி வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. சில நாய்களுக்கு வெட்டிய பின் சரியாக வளருவதும் இல்லை. அடிமுடியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாரி எடுப்பதே போதும்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆபத்து. நிற்காத இரைப்பு, செங்கல் நிறத்தில் நாக்கு, தள்ளாட்டம், வாந்தி என்றால் நிழலுக்கு இழுத்து உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள். மே மாத மதியத்தில் மேல்தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். கீழ்த்தொட்டியிலிருந்தோ குடத்திலிருந்தோ எடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். கொஞ்சம் தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் வருடம் முழுக்க உண்டு. காய்ச்சல், சாப்பாடு வெறுப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் ஆகியவை அறிகுறி. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கும். எடைக்கு ஏற்ற உண்ணி மாத்திரையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள்.

இங்கே காலி வகை நாய் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் கோளாறு உள்ள நாய்களுக்கு, சொறிக்கும் உண்ணிக்கும் போடுகிற ஐவர்மெக்டின் அதிக அளவில் போனால் மூளையைத் தாக்கி உயிரையே எடுக்கும். நீளமுடி காலியில் பத்துக்கு ஏழு நாய்களிடம் இது இருக்கிறது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறத்தாழ பாதி. பார்டர் காலியில் குறைவு. ஊசி போடும் முன் "இது காலி இனம்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோப்பராமைடு மாத்திரையும் இவற்றுக்கு ஆகாது. பாராசிட்டமால் எந்த நாய்க்கும் வேண்டாம்.

உணவில் ஒன்றே ஒன்று: மீந்த சால்னா, சாம்பார், பிரியாணி எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்துக்கு விஷம். வெறும் சோறும் கோழியும் போட்டு வளர்க்கும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து கால் வளையும்; வீட்டுச் சாப்பாடுதான் என்றால் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

திருவிழாக் காலம்

சித்திரைத் திருவிழா சமயத்தில் அழகர்கோவில் சாலை, புதூர், தல்லாகுளம் பக்கம் இருப்பவர்கள் நடையை முந்தைய வாரமே வேறு தெருவுக்கு மாற்றிவிடுங்கள். வெயிலும் கூட்டமும் வெடியும் ஒன்றாக வரும் நாள்கள் அவை. தீபாவளிக்கு, ஒரு மாதம் முன்பே வெடிச் சத்தத்தைக் கைபேசியில் மிகக் குறைவாக வைத்து, சாப்பாட்டு நேரத்தில் கேட்க விடுங்கள். அன்றைக்கு உள்ளறையில், ஜன்னல் சாத்தி, ஃபேன் சத்தத்தோடு, அதன் பாயும் கடித்து மெல்ல ஏதாவது ஒன்றும் இருக்கட்டும். ரொம்பவே நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு. அதை முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். பொங்கலுக்கு முன் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வட்டாரத்தில் காளைகளை நடை பழக்கிக்கொண்டு போவார்கள். காளையைப் பார்த்ததும் வளைக்கப் போகிற நாய்க்கு ஒரு உதை போதும்.

மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். வெளிப் பயிற்சியில் புதிதாக எதையும் ஆரம்பிப்பதாக இருந்தால் அப்போது ஆரம்பியுங்கள்.

சமாளிக்க முடியவில்லை என்றால்

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கற்றதையெல்லாம் மறந்தது போல நடக்கும். பயிற்சியைக் குறைக்காமல் ஓட்டினால் அது கடந்துபோகும். திடீரென்று உறுமுவது, தொட்டால் கடிப்பது என்று மாறினால் பயிற்சியாளரைத் தேடும் முன் வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். காதும் இடுப்பும் முதல் சந்தேகம். அடித்துப் பழக்குகிறேன், முள்பட்டை போடுகிறேன் என்று வரும் பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதற்கு மேலும் முடியவில்லை என்றால் "தோப்பில் விட்டுடலாம், அங்கே இடம் இருக்கு" என்பார்கள். வாடிப்பட்டிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பில் சங்கிலியில் கிடக்கும் பார்டர் காலியைவிட, இரண்டு அறை ஃபிளாட்டில் தினமும் செருப்பைத் தேடிக் கொடுக்கும் நாய் நன்றாக இருக்கும். புது வீடு தேடுவதாக இருந்தால், கூடவே இருந்து வேலை கொடுக்கிற ஆளைத் தேடுங்கள். தடுப்பூசி அட்டை, கட்டளைச் சொற்கள் எழுதிய தாள், அதன் பாய், எதற்குப் பயப்படும், யாரைத் துரத்தும் என்ற விவரம் எல்லாம் மறைக்காமல் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்லி அனுப்புங்கள்.